ஒய்.பி. நல்லவரா என்று கேட்காதீர்கள், அவர் நிலைப்பாடு என்ன என்று கேளுங்கள்

(தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாரத்தில் ஆறு நாள் வேலை செய்துவிட்டு, ஓய்வெடுக்க வேண்டிய நாளில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை நான் வீணாக்க விரும்பவில்லை. ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். சட்டமன்றத் தேர்தலில் உங்களிடம் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் நீங்கள் என்ன கேட்க வேண்டும் என்பதே அது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், தண்ணீர் பில், மின்சார பில் எல்லாம் அதில் இருந்தன. கடைசியாக ஒரு கடிதத்தை எடுத்தார். நனையாமல் இருக்க அதை லேமினேட் செய்து வைத்திருந்தார். "இதுதான் தம்பி எங்க வீட்டுப் பத்திரம்" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். அது பட்டா அல்ல. ஒரு சட்டமன்ற உறுப்பினர் கொடுத்த ஆதரவுக் கடிதம். சூராட் சொகொங்கான் என்று நாம் எல்லாரும் சொல்வோமே, அதுதான். இந்தக் குடும்பத்தின் விண்ணப்பத்தை ஆதரிக்கிறேன், ஆவன செய்யவும் என்று நான்கு வரி. கீழே கையெழுத்து, முத்திரை. அந்தக் கடிதத்தை நம்பி அந்தக் குடும்பம் பதினைந்து ஆண்டுகள் அந்த வீட்டில் இருந்தது. சமையலறையை இழுத்துக் கட்டியது. மகளின் கல்யாணத்துக்கு முன்னால் சிமெண்டுத் தரை போட்டது. இப்போது வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீசு வந்திருக்கிறது.

"அம்மா, இதை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் வீட்டைக் காப்பாற்ற முடியாது" என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அவரு ரொம்ப நல்லவரு தம்பி. என் வீட்டுக்காரர் தவறினப்ப மாலையோட வந்தாரு" என்றார்.

அந்த ஒய்.பி. நல்லவராகவே இருந்திருக்கலாம். ஆனால் அந்த நிலம் மாநில அரசாங்கத்தின் நிலம். தேசிய நிலச் சட்டத்தின் 48 ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது. அரசு நிலத்தில் எத்தனை ஆண்டுகள் குடியிருந்தாலும், குடியிருந்த காரணத்தால் மட்டும் அது உங்களுக்குச் சொந்தமாகாது. அந்தக் குடும்பத்துக்கு வேண்டியிருந்தது மாநில ஆட்சிக்குழுவின் முடிவு. கிடைத்தது ஓர் அன்பான கடிதம். நாங்கள் போராடிச் சில மாத அவகாசம் வாங்கினோம். அதற்கு மேல் முடியவில்லை. அந்த அம்மா இப்போது ஓர் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்.

அன்றிலிருந்து எங்கே பேசப் போனாலும் இதைத்தான் சொல்கிறேன். வேட்பாளர் நல்லவரா, நம்ம ஆளா, சாவு வீட்டுக்கு வந்தாரா என்று கேட்டது போதும். நம் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் ஐந்தாறு விஷயங்களில் அவருடைய நிலைப்பாடு என்ன என்று கேளுங்கள். ஆம் அல்லது இல்லை என்று பதில் வாங்குங்கள். எழுத்தில் வாங்குங்கள்.

யாரிடம் எதைக் கேட்பது?

நம் மக்கள் அடிக்கடி செய்யும் ஒரு தவறைச் சொல்கிறேன். பிள்ளைக்கு நீல அடையாள அட்டை கிடைக்கவில்லை என்று சட்டமன்ற உறுப்பினரிடம் போகிறோம். கோயில் நிலப் பிரச்சினையை நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொண்டுபோகிறோம். இரண்டு பேரும் பார்க்கலாம் என்கிறார்கள். இரண்டும் நடப்பதில்லை.

நம் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தில் ஒன்பதாவது அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. அதில் மத்திய அரசாங்கத்துக்கு ஒரு பட்டியல், மாநிலத்துக்கு ஒரு பட்டியல், இரண்டுக்கும் பொதுவாக ஒரு பட்டியல். குடியுரிமை, கல்வி, போலீஸ், தொழிலாளர் சட்டம் எல்லாம் மத்திய அரசாங்கத்தின் கையில். நிலம், நகராண்மைக் கழகம், இடுகாடு, சுடுகாடு எல்லாம் தீபகற்பத்தில் மாநிலத்தின் கையில். கூட்டரசுப் பிரதேசங்கள் மட்டும் இதற்கு விலக்கு.

இதை வீட்டில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். தோட்டத்தை விட்டு வெளியே வந்த நம் குடும்பங்கள் எதையெல்லாம் இழந்தன? லயத்து வீடு, கோயில், பள்ளிக்கூடம் நின்ற இடம், பெரியவர்களைப் புதைத்த இடம். எல்லாமே நிலம். நிலம் என்றால் மாநிலம். 1960 இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால்மரம் வெட்டிய நம் தாத்தா பாட்டிமார்கள் கூலியிலிருந்து பங்குப் பணம் கட்டினார்கள். நிலம் கைவிட்டுப் போனால் எல்லாமே போய்விடும் என்று படிக்காத அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கேள்வியை எழுதுவது யார்?

அமெரிக்காவில் சில மாநிலங்களில் ஒரு வழக்கம் உண்டு. தேர்தல் நாளில் வேட்பாளருக்கு மட்டும் அல்ல, சில சட்ட முன்மொழிவுகளுக்கும் மக்கள் நேரடியாக வேண்டும், வேண்டாம் என்று ஓட்டுப் போடுகிறார்கள். அதனால் ஒவ்வொரு வேட்பாளரும் ஒவ்வொரு முன்மொழிவிலும் எந்தப் பக்கம் என்று மக்கள் கேட்கிறார்கள். 1994 இல் கலிபோர்னியாவில் 187 ஆம் முன்மொழிவு வந்தது. பத்திரம் இல்லாத குடியேறிகளின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடம் இல்லை, அவசர சிகிச்சை தவிர வேறு அரசு மருத்துவம் இல்லை என்றது அது. ஆளுநர் பீட் வில்சன் ஆதரித்தார். அவரை எதிர்த்து நின்ற கேத்லீன் பிரௌன் எதிர்த்தார். வில்சன் வென்றார், முன்மொழிவும் ஏறக்குறைய 59 விழுக்காடு ஓட்டில் நிறைவேறியது. பிறகு நீதிமன்றம் அதன் பெரும்பகுதியைத் தடுத்துவிட்டது. சிறுபான்மை மக்களுக்கு அங்கே நடந்தது நல்லதல்ல. ஆனாலும் யார் எந்தப் பக்கம் நின்றார் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. ஒளிந்துகொள்ள யாருக்கும் இடம் இல்லை.

நம் பக்கத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. 1962 செப்டம்பர் 1 ஆம் தேதி, மலேசியாவோடு இணைவது பற்றி சிங்கப்பூரில் பொது வாக்கெடுப்பு நடந்தது. சீட்டில் மூன்று வழிகள் இருந்தன. மூன்றுமே இணையும் வழிகள்தான். வேண்டாம் என்று குறியிட இடமே இல்லை. ஏறக்குறைய நான்கில் ஒருவர் வெற்றுச் சீட்டைப் போட்டார்கள். கேள்வியை எழுதியவர்கள் பதிலையும் பாதி எழுதிவிட்டார்கள்.

இன்றைய மலேசியாவில் அப்படி நேரடியாக ஓட்டுப் போடும் ஏற்பாடு இல்லை. கோயிலை உடைக்கலாமா என்று உங்களிடம் யாரும் சீட்டு நீட்டப் போவதில்லை. அதனால் அந்தச் சீட்டை நாமே எழுத வேண்டும். எழுதி வேட்பாளரிடம் நீட்ட வேண்டும். என்ன எழுதலாம் என்று ஐந்து கேள்விகள் சொல்கிறேன்.

முதல் கேள்வி: தோட்ட நிலம்

ஒரு தோட்டம் வீடமைப்புத் திட்டமாக மாற வேண்டுமானால், நிலத்தின் வகையை மாற்ற மாநிலத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். தேசிய நிலச் சட்டத்தின் 124 ஆம் பிரிவு அது. அனுமதி கொடுக்கும்போது மாநிலம் புதிய நிபந்தனைகளை விதிக்கலாம். 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் துண்டுபோட்டுப் பலருக்கு விற்பதானால், 214ஏ பிரிவின்படி மாநிலத்தின் தோட்ட நில வாரியத்தின் அனுமதியும் வேண்டும்.

கம்பெனி மாநிலத்தின் கதவைத் தட்டியே ஆக வேண்டிய நேரம் இதுதான். அதை விட்டுவிட்டால் பிறகு நம்மிடம் பிடி இல்லை. எனவே கேள்வி இப்படி இருக்கட்டும்: "தொழிலாளர் குடும்பங்களுக்கு மாற்று வீடு எழுத்துப்பூர்வமாக உறுதியாகும் வரை தோட்ட நில வகை மாற்றத்துக்கு அனுமதி தரக்கூடாது என்று சட்டமன்றத்தில் பேசுவீர்களா? ஆமா, இல்லையா?"

இரண்டாவது கேள்வி: கோயிலும் சுடுகாடும்

2007 அக்டோபர் 30 ஆம் தேதி, தீபாவளிக்குச் சில நாட்கள் இருக்கும்போது, ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மகா மாரியம்மன் ஆலயம் உடைக்கப்பட்டது. உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். அடுத்த மாதம் 25 ஆம் தேதி கோலாலம்பூர் வீதியில் நம் மக்கள் திரண்டதற்கு அந்த வேதனையும் ஒரு காரணம். 2008 மார்ச் 8 தேர்தலில் சிலாங்கூரில் ஆட்சியே மாறியது.

ஆட்சி மாறினால் மட்டும் போதுமா? தேசிய நிலச் சட்டத்தின் 62 ஆம் பிரிவின்படி, ஒரு துண்டு அரசு நிலத்தைப் பொதுத் தேவைக்கென்று மாநிலம் ஒதுக்கி அரசிதழில் வெளியிடலாம். அப்படி வெளியிட்ட கோயிலின் நிலை வேறு. வெறும் வாய்மொழி அனுமதியில் நிற்கும் கோயிலின் நிலை வேறு. "எங்கள் தொகுதியில் உள்ள கோயில், சுடுகாட்டு நிலங்களை அரசிதழில் பதிய முயற்சி எடுப்பீர்களா? மாற்று நிலம் தராமல் இடிப்பதை எதிர்ப்பீர்களா?" என்று கேளுங்கள். திருவிழாவுக்கு அவர் தரும் நன்கொடையை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அது இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

மூன்றாவது கேள்வி: தமிழ்ப்பள்ளி நிற்கும் நிலம்

கல்வி மத்திய அரசாங்கத்தின் பொறுப்பு. ஆனால் நாட்டில் உள்ள 500 க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பல, தோட்ட நிலத்தில் நிற்கின்றன. நிலம் அரசாங்கத்துடையது அல்ல என்பதால் அவை பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருக்கின்றன. கட்டடத்துக்குப் பணம் கேட்டால் நிலம் யாருடையது என்கிறார்கள். மாநில மானியம் வருவது நல்லதே. ஆனால் கூரை மாற்ற இந்த ஆண்டு பணம் தருவது வேறு, பள்ளிக்கு நிலம் தருவது வேறு. "பள்ளிக்கு நிலம் ஒதுக்குவதை ஆதரிப்பீர்களா?" என்று கேளுங்கள்.

நான்காவது கேள்வி: நகராண்மைக் கழகம்

பசார் மாலாமில் கடை போட லைசென்ஸ், குப்பை, கால்வாய், உடைப்பு நோட்டீசு எல்லாம் நகராண்மைக் கழகத்தின் வேலை. அதன் உறுப்பினர்கள், அதிகம் போனால் 24 பேர், மாநில அரசாங்கத்தால் நியமிக்கப்படுகிறார்கள். நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஒரு காலத்தில் தேர்ந்தெடுத்தோம். 1965 இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி அந்தத் தேர்தலை நிறுத்தினார்கள். அந்த ஆண்டே அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் வேண்டும் என்றுதான் அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976 ஊராட்சிச் சட்டம் தேர்தலை ஒழித்தே விட்டது.

பினாங்கு அரசாங்கம் 2012 இல் தேர்தலைத் திரும்பக் கொண்டுவர மாநிலச் சட்டம் இயற்றியது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே உள்ளூர்த் தேர்தலைக் கொண்டுவருவேன் என்று ஒரு சட்டமன்ற வேட்பாளர் சொன்னால், அதற்கு நாடாளுமன்றத்தில் சட்டம் மாற வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். அவரால் செய்யக்கூடியதைக் கேளுங்கள்: "எங்கள் பகுதிக்கு நியமிக்கும் கழக உறுப்பினரை, குடியிருப்பாளர்களைக் கலந்து பேசி முடிவு செய்ய ஒப்புக்கொள்வீர்களா?"

ஐந்தாவது கேள்வி: மூடி வைத்த கோப்பு

நம் நிலம் விற்பனையாகிவிட்டது என்பது பல நேரங்களில் புல்டோசர் வந்த பிறகுதான் நமக்குத் தெரிகிறது. பினாங்கு கம்போங் புவா பாலாவை நினைத்துப் பாருங்கள். விற்பனைக்கு ஒப்புதல் தந்தது ஓர் ஆட்சி. 2009 இல் வீடுகள் இடிக்கப்பட்டபோது இருந்தது இன்னோர் ஆட்சி. இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் குற்றம் சொன்னார்கள். மாடு வளர்த்துத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள்தான் நடுவில் நின்றன.

சிலாங்கூரும் பினாங்கும் 2011 இல் தகவல் சுதந்திரச் சட்டங்களை நிறைவேற்றின. "நாங்கள் குடியிருக்கும் நிலம் பற்றிய விண்ணப்பங்களை எங்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று வலியுறுத்துவீர்களா?" இதுதான் ஐந்தாவது கேள்வி.

எப்படிக் கேட்பது?

2023 இல் ஆறு மாநிலத் தேர்தல் நடந்தபோது, வேட்புமனு நாளுக்கும் வாக்களிப்புக்கும் இடையில் 14 நாள்தான் இருந்தது. அப்போது போய் யோசித்தால் நேரம் போதாது. இப்போதே தயாராக வையுங்கள்.

ஒரே ஒரு தாள் போதும். ஒரு பக்கம் மலாய், மறு பக்கம் தமிழ். ஒவ்வொரு கேள்விக்கும் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். கீழே பெயர், கையெழுத்து, தேதி. எல்லாக் கட்சி வேட்பாளருக்கும் ஒரே தாளைக் கொடுங்கள். தமிழர் என்பதால் ஒருவரை விட்டுவிடாதீர்கள், மலாய்க்காரர் அல்லது சீனர் என்பதால் ஒருவரை ஒதுக்காதீர்கள். பதில் தராதவர் பெயருக்கு எதிரே "பதில் இல்லை" என்று எழுதுங்கள். பிறகு அந்தப் பட்டியலைப் பொது மண்டபத்தில் எல்லார் முன்னிலும் வாசியுங்கள். பார்த்துச் செய்யலாம் என்பதையும் "பதில் இல்லை" என்றே எழுதுங்கள்.

உங்கள் மனதில் ஒரு பயம் இருப்பது எனக்குத் தெரியும். கேள்வி கேட்டால் ஒய்.பி. கோபித்துக்கொள்வார், மாதம் வரும் அரிசி மூட்டை நின்றுவிடும் என்று. தனியாகக் கேட்டால் அப்படி நடக்கலாம். அதனால்தான் ஐம்பது குடும்பம் சேர்ந்து கேளுங்கள் என்கிறேன். அவர் செலவழிக்கும் தொகுதி மானியமும் அவர் வீட்டுப் பணம் அல்ல. நீங்கள் கட்டும் வீட்டு வரியும், கடையில் பொருள் வாங்கும்போது கட்டும் வரியும் சேர்ந்ததுதான் அரசாங்கப் பணம்.

நாம் எத்தனை பேர், நம் ஓட்டுக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்களும் உண்டு. உண்மைதான். எந்த நாடாளுமன்றத் தொகுதியிலும் நாம் பெரும்பான்மை இல்லை. ஆனால் மற்றவர்கள் பிரிந்து நிற்கும் இடத்தில், சேர்ந்து நிற்கும் சில நூறு ஓட்டு சட்டமன்றத் தொகுதியைத் திருப்பும். அதோடு, 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானால் போதும், பதியாமலே வாக்காளர் பட்டியலில் பெயர் வந்துவிடுகிறது. உங்கள் வீட்டில் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்தத் தாளைத் தட்டச்சு செய்வதும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் அவர்கள் வேலையாக இருக்கட்டும்.

கையெழுத்து வாங்கிவிட்டால் முடிந்ததா?

முடியவில்லை. உங்களை ஏமாற்ற நான் விரும்பவில்லை. 2013 ஏப்ரல் 18 ஆம் தேதி தேசிய முன்னணியும் இண்ட்ராஃப்பும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தேர்தலுக்குப் பின் வேதமூர்த்தி துணை அமைச்சரானார். வாக்குறுதிகள் நிறைவேறவில்லை என்று சொல்லி 2014 பிப்ரவரியில் பதவி விலகினார். எழுத்தில் இருந்தும் நடக்கவில்லை.

2009 பிப்ரவரியில் பேராவில் மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் கட்சியை விட்டு விலகினார்கள், மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சி கவிழ்ந்தது. 2022 இல் கட்சித் தாவலுக்கு எதிராக அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டது. இருந்தாலும், கட்சி மாறாமலே வாக்கை மாற்றுகிறவரை எந்தச் சட்டமும் தடுக்காது.

அவரைத் தடுக்க நாம்தான் பின்தொடர வேண்டும். சட்டமன்றம் கூடாமல் ஆறு மாதத்துக்கு மேல் போகக்கூடாது. அது கூடும் ஒவ்வொரு முறையும், அந்தத் தாளின் நகலை எடுத்துக்கொண்டு அவர் சேவை மையத்துக்குப் போங்கள். "ஒய்.பி., மூன்றாவது கேள்விக்கு ஆம் என்று எழுதினீர்கள். இந்தக் கூட்டத்தில் எழுப்புவீர்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். சட்டமன்றத்தில் பேசியது அதிகாரபூர்வ அறிக்கையில் பதிவாகும். அதில் அவர் பேசியது இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிடலாம். வாக்கைக் காப்பாற்றினால் நன்றி சொல்லுங்கள், அடுத்த தேர்தலில் அவருக்காக நில்லுங்கள். காப்பாற்றவில்லை என்றால் அதே தாளை அடுத்த வேட்பாளரிடம் காட்டுங்கள்.

ஒரு தனி சட்டமன்ற உறுப்பினரால் நிலம் கொடுத்துவிட முடியாது, முடிவு மாநில ஆட்சிக்குழுவில்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பத்துத் தொகுதிகளில் பத்து உறுப்பினர்கள் ஒரே கேள்விக்கு ஆம் என்று கையெழுத்திட்டிருந்தால், அந்தக் கேள்வி ஆட்சிக்குழுவின் மேசைக்குப் போகாமல் இருக்காது.

அந்த அம்மாவின் லேமினேட் செய்த கடிதம் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. வழக்கு முடிந்து அவர் பையைத் திரும்ப வாங்கிக்கொண்டபோது அதை மட்டும் விட்டுவிட்டுப் போனார். "இது இனி எதுக்கு தம்பி" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இன்று இந்த மண்டபத்தில் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு கடிதமாவது இருக்கும். இன்று இரவு போய் எடுத்துப் பாருங்கள். அது பட்டாவா, டிசம்பர் 31 ஆம் தேதியோடு முடியும் டி.ஓ.எல். உரிமமா, வெறும் ஆதரவுக் கடிதமா என்று படித்துப் பாருங்கள். புரியவில்லை என்றால் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் எங்களிடம் கொண்டு வாருங்கள், கட்டணம் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதே இடத்தில் உட்கார்ந்து அந்த ஐந்து கேள்விகளையும் எழுதி முடிப்போம்.